தென்முனைக் கண்டம்

காணாத நிலத்தைக் கருத்தினாற் படைத்து, அதற்கு எல்லையும் வகுப்பது மனித இயல்பு. கி. பி. இரண்டாம் நூற்றாண்டினரான தொலமி, ஆபிரிக்காவையும் ஆசியாவையும் தெற்கே இணைக்கும் அறியப்படாத நிலமொன்று உண்டெனக் கொண்டார். 1488 இல் டயஸ் ஆபிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிச் சென்றதும் அவ்விணைப்புப் பொய்யாயிற்று. எனினும், தெற்கே வளமும் குடிகளும் மலிந்த பெருங்கண்டம் உண்டென்னும் நம்பிக்கை பதினெட்டாம் நூற்றாண்டிலும் நிலவியது.

அந்நம்பிக்கையைச் சோதிக்க 1772 இல் இரு கப்பல்களுடன் புறப்பட்டார் பிரித்தானியரான யேம்ஸ் குக். 1773 சனவரி 17 இல் அவர் தென்முனைவு வட்டத்தைக் கடந்தார். அவருக்கு முன் அதனைக் கடந்தவரென எவரையும் வரலாறு குறிக்கவில்லை. கடலில் மிதந்த பனிக்கட்டிகளை உருக்கியே மாலுமிகள் குடிநீர் பெற்றனர். மறு ஆண்டு, தென் அகலக்கோடு 71 பாகை 10 கலையிலே பனிப்பரப்பு வழிமறித்தது. தென்கடலை முழுதுஞ் சுற்றி வந்த குக் கண்டத்தைக் காணவில்லை. ஆயினும், மக்கள் வாழத்தக்க வளநாடு அங்கில்லையென்பதை அவர் நிறுவினார்.

கற்பனைக் கண்டம் மறைந்தபின் உண்மைக் கண்டம் வெளிப்பட்டது. 1820 சனவரி இறுதியில், இரசியக் கடற்படையினரான பெலிங்ஸ்ஹௌசனும் பிரித்தானியக் கடற்படையினரான பிரான்ஸ்பீல்டும், சில நாள் இடைவெளியில், வெவ்வேறிடங்களில் அதன் விளிம்பைக் கண்டனர். அதன் பரப்பு ஏறத்தாழ 1 கோடி 40 இலட்சம் சதுர கிலோமீற்றர் என்பதையும், அதில் 98 வீதம் பனியால் மூடப்பட்டதென்பதையும் பிற்காலத்தார் அறிந்தனர்.

ஆயின், அக்கடலுக்குப் பலரை இழுத்துச் சென்றது அறிவுவேட்கையன்று. சீல் விலங்கின் தோலேயாம். தென் யோர்ஜியாத் தீவிற் சீல்கள் மலிந்திருந்ததைக் குக் எழுதியதும் வேட்டைக் கப்பல்கள் அங்கு விரைந்தன. 1819 இல் தென் செற்லாந்துத் தீவுகள் கண்டுபிடிக்கப்பட்டபோது அவற்றுக்கும் அதே கதி நேர்ந்தது. 1821, 1822 ஆகிய ஈராண்டுகளில் மட்டும் அங்கு 3,20,000 தோல்கள் எடுக்கப்பட்டன எனக் கணக்கிட்டவர் வெடல். தாயை இழந்து மாண்ட குட்டிகள் ஓர் இலட்சத்துக்கு மேலென்றும் அவர் கூறினார். அவரும் வேட்டைக் கப்பலின் தலைவரே. 1823 இல் தென் அகலக்கோடு 74 பாகை 15 கலை வரை சென்ற அவர் பெயரை அக்கடல் இன்றும் தாங்குகிறது.

அளவறிந்து வேட்டையாடியிருப்பின் ஆண்டுதோறும் ஓர் இலட்சம் தோல்கள் நெடுங்காலங் கிடைத்திருக்குமென வெடல் 1825 இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். எவருஞ் செவிசாய்க்கவில்லை, சில ஆண்டுகளில் அக்கரைகள் வெறுமையாயின. அந்தாட்டிக்க சீல்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கை 1972 இலேயே கைச்சாத்தாயிற்று. நிலத்தைக் கண்டறிய ஒரு தலைமுறை போதியதாயிற்று. அங்கே அளவறிந்து நடக்கக் கற்பதற்கோ ஒன்றரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.