காட்டாத படம்

1979 ஜனவரியில், ஷாவின் ஆதரவாளர் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணைத் தெஹ்ரான் தெருவில் ஒரு கூட்டம் அடித்து இழுத்துப் போனது. அதைப் படமெடுத்த அப்பாஸும் ஈரானியர்தான். மன்னராட்சி வீழ வேண்டும் என்று விரும்பியவர்தான். புரட்சிக்குக் கெட்ட பெயர் வரும், வெளியே காட்டாதே என்றார்கள் நண்பர்கள். வரலாற்றுக்காகக் காட்டியே ஆக வேண்டும் என்றார் அவர்.

என்னிடமும் அப்படி ஒரு படம் இருக்கிறது.

2007 நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. அப்போது ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் ராணிக்கு எழுதிய மனுவைக் கொடுக்க ஹிண்ட்ராப் அழைத்திருந்தது. நம்மைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த முடியாட்சியிடமே வக்கீல் கேட்கும் மனு. அதற்குச் சில வாரங்கள் முன்புதான், தீபாவளி நெருங்கும் நேரத்தில், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயிலை உடைத்திருந்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து சின்ன டிஜிட்டல் கேமராவோடு விடியுமுன்னே பத்துமலைக்குப் போனேன். கோயில் வளாகத்துக்குள் கூட்டம், கேட்டுக்கு வெளியே போலீஸ். கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த தண்ணீரும் உள்ளே வந்தன. உள்ளிருந்து கற்கள் போயின. செங்கல்லை ஓங்கிய ஒரு பையனை எடுத்தேன். முகம் தெளிவாக விழுந்திருந்தது. பிறகு அம்பாங் சாலையில், காந்தி படத்தைத் தூக்கிப் பிடித்து நின்றவர்களை எடுத்தேன்.

அன்றிரவு கிள்ளானில் மாமா வீட்டில் எல்லாவற்றையும் பார்த்தோம். "இத மட்டும் யாருக்கும் காட்டாதடா. புள்ளைய உள்ள போட்டுருவானுங்க" என்றார் மாமா. "நம்மள ரவுடின்னு எழுதுவானுங்க" என்றார் அத்தை.

மாமா பயந்தது வீண்போகவில்லை. பத்துமலைச் சம்பவத்தில் ஒரு போலீஸ்காரர் காயமடைந்ததற்காக 31 பேர்மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டினார்கள். டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். அதே மாதம் ஐந்து தலைவர்களை இசா சட்டத்தில் பிடித்தார்கள். 2008 மார்ச் 8 தேர்தலில் தேசிய முன்னணிக்கு 222இல் 140 இடங்களே கிடைத்தன. மூன்றில் இரண்டு பங்கு போனது, சிலாங்கூரும் போனது. கமுந்திங் முகாமில் அடைபட்டிருந்த மனோகரன், கிள்ளான் கோத்தா ஆலம் ஷாவில் ஜெயித்தார்.

அப்பாஸின் படம் ஆட்சியைப் பிடிக்கப்போகும் கூட்டத்தைக் கேள்வி கேட்டது. என் படம் ஆட்சியிலிருந்தவர்கள் கையில் சாட்சியாகியிருக்கும். அன்று மறைத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் நாம் காந்தி படங்களை மட்டுமே பகிர்கிறோம். அதை மட்டும் பார்க்கும் பிள்ளைகளுக்கு, பூட்டிய கேட்டுக்குள் புகையைக் குடித்தவனின் கோபம் எப்படித் தெரியும்?

அந்தப் பையனின் முகத்தை மறைத்துவிட்டு, இந்த நவம்பரில் அதையும் சேர்த்து அனுப்பப் போகிறேன். மாமா இருந்திருந்தால் திட்டுவார்.