உடைந்த காரை யார் இழுப்பது? – ஒரு சின்ன விதியின் பெரிய வரலாறு

வரலாறு படிக்கிற எங்களுக்கு அரசியலமைப்பு எண்டதும் புரட்சி, போர், பாராளுமன்றம் எண்டு பெரிய விடயங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பொலிஸாரின் அதிகாரம் எதுவரை போகலாம், பதவியில் இருப்பவர் தன்னை ஆதரிக்காத வியாபாரியை என்ன செய்யலாம் என்ற கேள்விகளுக்கு, வீதியோரத்தில் நொறுங்கிக் கிடந்த கார்களை முன்வைத்தும் பதில் தேடியிருக்கிறார்கள். நான் சொல்வது அமெரிக்காவை. விபத்தில் சிக்கிய, பழுதாகி நின்ற வாகனத்தை அகற்றப் பொலிஸார் யாரைக் கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அங்குள்ள ஊர்கள் எழுதி வைத்த விதிகளைப் பற்றியது இந்தக் கட்டுரை. கேட்கச் சலிப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கோ.

முதலில் லொறியின் கதை. 1916இல் டெனசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் ஏர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற கராஜ்காரரைத் தெரிந்தவர் ஒருவர் உதவிக்குக் கூப்பிட்டார். அவருடைய கார் ஓடைக்குள் விழுந்து கிடந்தது. கயிறும் மரக்கட்டையும் ஆட்களின் தோள்பலமும்தான் அப்போது இருந்த வசதி. மணிக்கணக்கில் மாரடித்துத்தான் காரை வெளியே எடுத்தார்கள். அதன் பிறகு ஹோம்ஸ் 1913ஆம் ஆண்டுக் கடிலாக் கார் ஒன்றின் பின்பக்கத்தில் கம்பங்கள், கப்பி, சங்கிலி பூட்டி ஓர் இழுவை வண்டியைச் செய்தார். பிரேக்டவுன் லொறியின் பிறப்பு என்று அதைத்தான் சொல்கிறார்கள். சட்டனூகாவில் இதற்கென்றே இப்போது ஒரு நூதனசாலை இருக்கிறது.

லொறி வந்ததும் அதை வைத்து ஒரு தொழில் வந்தது. அந்தத் தொழிலில் ஒரு வில்லங்கமும் கூடவே வந்தது. சாதாரணமாக ஒரு பொருளை வாங்கும்போது நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்போம். விபத்து நடந்த இடத்தில் அது நடக்காது. கார்க்காரர் அதிர்ச்சியில் இருப்பார், சில வேளை அம்புலன்ஸில் ஏற்றப்பட்டிருப்பார். வீதியைத் திறக்கவேண்டும் என்ற அவசரம் பொலிஸாருக்கு. ஆகவே வாகனத்தின் சொந்தக்காரர் அல்ல, அங்கே நிற்கும் பொலிஸ்காரர்தான் லொறியைத் தெரிவு செய்கிறார். காசு கொடுக்கப்போவது மட்டும் சொந்தக்காரர். பொலிஸ் வானொலியை ஒட்டுக்கேட்டு, விபத்து என்றதும் முந்தியடித்து ஓடிவரும் லொறிக்காரர்களும் இருந்தார்கள். முதலில் கொக்கி மாட்டினவருக்கே கார். பிறகு அவர் சொன்னதுதான் விலை.

இதற்கு அமெரிக்க ஊர்கள் கண்ட மருந்து சுழற்சிப் பட்டியல். தகுதியுள்ள லொறிக்காரர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைப்பார்கள். விபத்துச் செய்தி வந்தால் பட்டியலில் அடுத்து நிற்பவரைத்தான் பொலிஸ் நிலையம் கூப்பிட வேண்டும். அவர் வந்து முடித்ததும் அவர் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும். எவ்வளவு நேரத்துக்குள் வரவேண்டும், எவ்வளவு கட்டணம் வாங்கலாம், காரை எங்கே நிறுத்தி வைக்கவேண்டும், காப்புறுதி இருக்கிறதா, வீதியில் சிதறிய கண்ணாடியைக் கூட்டி அள்ளுவது யார் – எல்லாவற்றையும் ஊர் விதி சொல்லும். சொந்தக்காரர் தனக்குத் தெரிந்த லொறியைக் கேட்டால் அதைக் கூப்பிட இடம் கொடுக்கும் ஊர்களும் உண்டு.

காரை இழுத்தாயிற்று. காருக்குள் இருக்கும் சாமான்கள்? இங்கேதான் விடயம் நீதிமன்றம் ஏறுகிறது.

1969 செப்டெம்பரில் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஒரு கார் பாலத்தின் கட்டில் மோதியது. ஓட்டியவர் டொம்ப்ரொவ்ஸ்கி. குடிபோதையில் இருந்த அவர், தான் சிக்காகோவில் பொலிஸ்காரர் என்று சொன்னார். சிக்காகோ பொலிஸார் எந்நேரமும் கைத்துப்பாக்கி வைத்திருக்க வேண்டும் என்பது உள்ளூர்ப் பொலிஸாரின் எண்ணம். கார் கெவாஸ்கம் என்ற சிற்றூரின் தனியார் கராஜ் ஒன்றுக்கு இழுக்கப்பட்டு, காவல் இல்லாமல் வெளியே நின்றது. துப்பாக்கி யாரினதும் கையில் அகப்படக்கூடாது என்று ஒரு பொலிஸ்காரர் இரவில் போய் டிக்கியைத் திறந்தார். துப்பாக்கி இல்லை, இரத்தக்கறை படிந்த உடைகள் இருந்தன. அது கொலை வழக்காகி, தண்டனையில் முடிந்தது.

பிடியாணையும் தேடுதல் ஆணையும் இல்லாமல் டிக்கியைத் திறந்தது சரியா? 1973இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் சரி என்றது. பொலிஸார் குற்றவாளியைத் தேடுகிறவர்கள் மட்டுமல்ல, வீதியில் நடப்பவற்றைப் பார்த்துக்கொள்கிற 'சமூகப் பராமரிப்பு' வேலையும் அவர்களுக்கு உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு நொறுங்கிய காரிலிருந்து பிறந்த இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பிறகு வீடுகளுக்குள்ளும் நுழையலாம் என்று வாதிட்டார்கள். 2021இல்தான், வீட்டுக்கு அது பொருந்தாது என்று அதே நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

அடுத்தது தென் டகோட்டாவின் வேர்மில்லியன். அங்கே நகரின் சில வீதிகளில் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை கார் நிறுத்தக்கூடாது. 1973 டிசம்பரில் அப்படி நின்ற ஒரு காருக்கு இரண்டு தடவை தண்டச்சீட்டு ஒட்டி, பின்பு இழுத்துச் சென்றார்கள். உள்ளே இருந்த சாமான்களைப் பட்டியல் போடும்போது கஞ்சா அகப்பட்டது. 1976இல் உயர் நீதிமன்றம், வழமையான நடைமுறையாகச் செய்யப்படும் பட்டியல் தவறில்லை என்றது. சொந்தக்காரரின் உடைமைக்குப் பாதுகாப்பு, 'என்ர சாமானைக் காணேல்லை' என்ற முறைப்பாட்டிலிருந்து பொலிஸாருக்குப் பாதுகாப்பு, ஆபத்தான பொருட்களிலிருந்து பாதுகாப்பு என்று மூன்று காரணங்களும் சொன்னது. கதை அதோடு முடியவில்லை. வழக்கு திரும்பிப் போனபோது தென் டகோட்டாவின் மாநில நீதிமன்றம், எங்கள் மாநில அரசியலமைப்பின்படி இது பிழைதான் என்று தன் நிலைப்பாட்டில் நின்றது.

1990இல் புளோரிடா வழக்கொன்று வந்தது. கைப்பற்றிய காரின் டிக்கியில் பூட்டிய சூட்கேஸ் ஒன்று. பொலிஸார் அதை உடைத்துத் திறந்தார்கள். மூடிய பெட்டிகளைத் திறப்பது பற்றி அந்தப் பொலிஸ் பிரிவிடம் எந்தக் கொள்கையும் இருக்கவில்லை. ஆகவே உள்ளே கஞ்சா இருந்தும் அதைச் சாட்சியமாக ஏற்க நீதிமன்றம் மறுத்தது. எழுதி வைத்த விதியோ வழமையான நடைமுறையோ இல்லையென்றால், பட்டியல் போடுவது துருவித் தேடுவதற்கான சாட்டாகிவிடும் என்பதே அதன் கவலை. யாரும் வாசிக்காத ஒரு சுற்றுநிருபம் குடிமகனைக் காப்பாற்றும் இடம் இதுதான்.

விதி இருந்தும் அதை மீறினால்? 2011இல் பல்டிமோர் நகரில் 17 பொலிஸார் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. விபத்து நடந்த இடங்களில் நகரத்தின் அனுமதி பெற்ற லொறிகளைக் கூப்பிடாமல், அனுமதி இல்லாத ஒரு கராஜுக்கு வாகனங்களைத் திருப்பி விட்டு, காருக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. பலர் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு காருக்குக் கைமாறியது சில நூறு டொலர்தான். அப்படி எத்தனை கார்கள் என்று யோசித்துப் பாருங்கோ.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நோர்த்லேக் வழக்கு. சிக்காகோவுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய நகரம் அது. ஓஹேர் ட்ரக் சேர்விஸ் என்ற நிறுவனம் 1965இலிருந்து அங்கே பொலிஸின் சுழற்சிப் பட்டியலில் இருந்தது. 1993 தேர்தலில் மேயரின் பிரசாரத்துக்குக் காசு கேட்டார்கள். உரிமையாளர் மறுத்தார். அதோடு நிற்காமல் எதிர்த்தரப்பு வேட்பாளரை ஆதரித்து, தன் இடத்திலேயே அவருடைய சுவரொட்டிகளையும் வைத்தார். கொஞ்ச நாளில் அவருடைய பெயர் பட்டியலில் இல்லை. தேர்தல் முடிந்ததும் கொந்தராத்து கைமாறுகிற கதை எந்த நாட்டு வாசகருக்கும் புதிதில்லைத்தானே.

அரசாங்க ஊழியரைக் கட்சி அரசியலுக்காக வேலைநீக்க முடியாது என்று 1976இலேயே ஒரு தீர்ப்பு இருந்தது. ஆனால் லொறிக்காரர் ஊழியர் அல்ல, வெளியிலிருந்து வேலை செய்து கொடுக்கிறவர். அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்தன. உயர் நீதிமன்றம், அவர் சொன்னவை உண்மையென்றே வைத்துக்கொண்டு சட்டத்தைப் பார்த்தது. 1996 ஜூனில் 7க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. சம்பளப் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவரின் அரசியல் கருத்துக்கு விலை வைக்க முடியாது என்பதே அதன் சாரம். அதே நாளில், கன்சாஸில் குப்பை அள்ளும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் வழக்கிலும் இதே கொள்கையை ஏற்றுக்கொண்டது. பேச்சுச் சுதந்திரத்தின் எல்லையை விரித்தவர்கள் ஒரு லொறிக்காரரும் ஒரு குப்பை வண்டிக்காரரும்!

இந்தப் பட்டியல் எல்லாரையும் காப்பாற்றியது என்று நான் சொல்ல வரவில்லை. கார் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தரிப்புக் கட்டணம் ஏறும். காசுள்ளவர் மறுநாளே போய் எடுப்பார். இல்லாதவருக்குக் கார் இல்லாமல் வேலைக்குப் போக வழியில்லை, வேலைக்குப் போகாமல் காரை எடுக்கக் காசில்லை. சிக்காகோவில் தண்டப்பணம் கட்டாததற்காகக் காரை இழந்தவர்கள் வங்குரோத்து வழக்குப் போட்டும் காரைத் திருப்பிப் பெற முடியாமல் நின்றார்கள். 2021இல் உயர் நீதிமன்றம், காரை வெறுமனே வைத்திருப்பது வங்குரோத்துச் சட்டத்தின் தடையை மீறுவதாகாது என்று நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. லொறிக்காரருக்கு மேயரிடமிருந்து பாதுகாப்புக் கிடைத்த அளவுக்கு, ஏழைக் கார்க்காரருக்குக் கிடைக்கவில்லை.

இந்த வழக்குகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். அடுத்து யாரைக் கூப்பிடுவது, எந்தப் பெட்டியைத் திறப்பது என்ற முடிவுகளை நடு வீதியில், நடு இரவில், தனியொரு ஆள் எடுக்கிறார். அவருக்கு முன்னால் நிற்பவர் எதிர்த்துக் கேள்வி கேட்கிற நிலையில் இல்லை. அந்த முடிவை முன்கூட்டியே பகல் வெளிச்சத்தில், எல்லாரும் பார்க்கக்கூடியதாக எழுதி வைப்பதுதான் இந்தச் சலிப்பூட்டும் ஊர் விதிகளின் வேலை. உங்கட ஊர் சபையின் விதிகளை நீங்கள் கடைசியாக எப்ப வாசிச்சனீங்கள்?