மார்பகப் புற்றுநோய் முன்பரிசோதனை

அறிகுறி ஏதும் இல்லாத பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே தேடிப் பார்ப்பது முன்பரிசோதனை. கட்டி தட்டுப்பட்டாலோ காம்பில் இரத்தம் கசிந்தாலோ அடுத்த முன்பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எந்த வயதானாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதன்மையான முறை மேமோகிராம் எனும் குறைந்த அளவு எக்ஸ்ரே. மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே சில நொடிகள் அழுத்தி, மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றுமாகப் படம் எடுப்பார்கள். அழுத்தும்போது வலி இருக்கலாம். அன்று அக்குளில் டியோடரண்ட் பூசக் கூடாது. அதன் துகள்கள் சுண்ணாம்புப் படிவுபோல வெள்ளைப் புள்ளிகளாகப் படத்தில் விழும். கொழுப்பு படத்தில் கறுப்பு, சுரப்பித் திசு வெள்ளை, கட்டியும் வெள்ளைதான். அதனால் திசு அடர்ந்த மார்பகத்தில் கட்டி மறைந்துகொள்ளும். அங்கே அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கிறது. இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐயும் எடுக்கப்படுகிறது.

பிரிட்டனில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு 71 வயதுவரை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைப்பு போகிறது. மேமோகிராம் எல்லா ஊரிலும் கிடைக்காத இந்தியாவில், பயிற்சி பெற்றவர் கையால் தடவிப் பார்ப்பதே தேசியத் திட்டத்தின் வழி. இதை ஏழைநாட்டுச் சமாளிப்பு என்று ஒதுக்குவது தவறு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் சுமார் 1,50,000 பெண்கள் சேர்ந்தனர். ஒரு பிரிவினருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை இப்படிப் பார்த்தார்கள். 2021இல் வெளியான முடிவில், 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் இந்நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. இளையவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

பரிசோதனைக்குப் பின் 'மறுபடி வாருங்கள்' என்று சொன்னாலே பல வீடுகளில் அழுகை தொடங்கிவிடுகிறது. அப்படி அழைக்கப்படுவோரில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அறிக்கையில் 'பைராட்ஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். 0 என்றால் இன்னும் படம் தேவை. 1, 2 கவலையற்றவை. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. பொதுவாக ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார்கள். 4, 5 என்றால் திசுப் பரிசோதனை: அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசியால் நூல்போன்ற துணுக்குகளை எடுப்பார்கள். ஊசி பட்டால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் இந்தக் கட்டத்தில் பின்வாங்குவோர் உண்டு. அந்த அச்சம் வேண்டாம். தள்ளிப்போடும் மாதங்களே ஆபத்தானவை.

புற்றுநோய் உறுதியானால், அதே துணுக்கிலேயே ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் சோதிக்கப்படும். மாத்திரையா, கீமோவா, அறுவை முதலிலா என்ற முடிவுகளுக்கு இவை வழிகாட்டும்.