தப்பும் ட்ரான்சிஸ்டரும்

பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் தப்பு அடிப்பவர்கள் முதலில் நெருப்பு மூட்டுவார்கள். மழையிலும் பனியிலும் ஈரம் குடித்துத் தொய்ந்த தோல், அனலில் காய்ந்து விறைத்த பின்னரே குரல் கொடுக்கும். அந்தத் தப்பொலியோடு தோட்டத்தின் விடியல் பிறப்பதைத்தான் சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் பாடினார். சக்தீ பால ஐயா தமிழில் தந்தார்.

நேயர்களே, மின்சாரத்தால் இசை எழுப்பும் சிந்தசைசருக்கும் இதே சுபாவம் உண்டு. 1970இல் அமெரிக்காவில் வந்த மினிமோக் கருவியில் சுருதியைத் தீர்மானிப்பது மின்னழுத்தம். உள்ளே சூடு ஏற ஏறச் சுருதி நகரும். ஆகவே வாசிப்பதற்கு வெகுநேரம் முன்பே அதை இயக்கிச் சூடேற்றி வைப்பார்கள்.

ஜப்பானின் ரோலன்ட் நிறுவனம் 1980இல் டி.ஆர். 808 என்ற தாளக் கருவியை வெளியிட்டது. அதன் சீறும் ஓசைக்காக நிறுவனர் இக்குதாரோ காகேஹாஷி, சோதனையில் தேறாத, இரைச்சல் மிகுந்த ட்ரான்சிஸ்டர்களையே தேடி வாங்கினார். (வானொலிப் பெட்டியையே ட்ரான்சிஸ்டர் என்று அழைத்த நமக்கு, இரைச்சலுக்காக ஒருவர் காசு கொடுத்தது வேடிக்கைதான்.) உற்பத்தி முறை திருந்தியதும் பழுதான ட்ரான்சிஸ்டர் கிடைக்காமற் போயிற்று. 1983இல் 808 நின்றது.

அதன் கூட்டாளி டி.பி. 303. பேஸ் கிட்டார் வாசிக்க ஆளில்லாதவருக்கு அந்த வேலையைச் செய்வதற்கென்று பிறந்தது. கிட்டாரைப் போல அது ஒலிக்கவில்லை, விற்கவும் இல்லை. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடந்ததை வாங்கிய சிகாகோ இளைஞர்கள் அதன் குமிழ்களை மனம்போனபடி திருகி, 1987இல் ‘அசிட் ஹவுஸ்’ என்றொரு இசையையே உண்டாக்கினர். ஆனால், அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்னரே, பம்பாயில் இந்தித் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 303ஐயும் 808ஐயும் சேர்த்து, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்களை இசைத்தட்டாக்கியிருந்தார். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் 303இன் இயல்பு ராகத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை அதில் கேட்கலாம். அன்று அதைக் கேட்டவர் சிலரே. 2010இல் மறுபதிப்பு வந்த பின்னர்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. எழுபதைக் கடந்த அவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார். 2015இல் காலமானார்.

1997இல் சுவீடனின் புரொப்பலர்ஹெட் நிறுவனம் இவ்விரு கருவிகளையும் ‘ரீபெர்த்’ என்ற மென்பொருளாகக் கணனித் திரைக்குள் கொண்டுவந்தது. போலி என்று முகஞ்சுளித்தோர் உண்டு. கிட்டாருக்குப் போலியாக வந்த ஒன்றைத்தானே இது போலி செய்தது? அதற்குள் 303இன் விலை எங்கோ போய்விட்டிருந்தது. கையில் காசில்லாத பையனுக்கு மென்பொருளே வழிவிட்டது. அந்த அளவில் நான் அதன் பக்கந்தான்.

இருந்தாலும் ஒரு குறை. பழைய கருவிகளில் ஒன்று மற்றொன்றைப் போல ஒலிப்பதில்லை. உறுப்புகள் முதிர முதிரக் குரல் மாறும். மென்பொருளோ அளந்து பார்த்த கருவியின் அளந்த நாளையே திரும்பச் சொல்கிறது. பின்னாளில் வந்தவை சுருதி நகர்வதைக்கூட எண்களாய்க் கணக்கிட்டுச் சேர்க்கின்றன. தொய்யாத தோலுக்கு நெருப்புக் காட்டுவது போன்ற காரியம் அது.

‘ரீபெர்த்’ 2005இல் நிறுத்தப்பட்டது. அதே வடிவில் அதை இயக்க வேண்டுமானால் இன்று பழைய கணனியைத்தான் தேடவேண்டும். 303களோ, வைத்திருப்பவர் வீட்டில், மின்சாரம் கொடுத்தால் இன்னும் பாடுகின்றன.