மின்தடையும் மின்திறனும்: இரு சூத்திரங்கள் ஒன்றிணைந்த வரலாறு (1825–1889)

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பாடநூலில் அடுத்தடுத்து வரும் இவ்விரு சூத்திரங்களும் ஒரே கண்டுபிடிப்பின் இரு பாதிகள் போலத் தோன்றும். வரலாறு அப்படி நடக்கவில்லை. தடை பற்றிய விதி கொலோன் நகரப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் அளவீட்டில் பிறந்தது. திறன் பற்றியதோ, சால்ஃபோர்டில் மதுவடிப்பாலை நடத்திய குடும்பத்து இளைஞர் ஒருவரின் வெப்ப ஆய்விலிருந்து வந்தது. இரண்டையும் இணைக்கும் மின்னழுத்தம் என்ற கருத்தே எல்லாவற்றுக்கும் பிந்தித் தெளிவடைந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மின்னோட்டத்தை அளக்க 1820லேயே வழி பிறந்துவிட்டது. ஓட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று ஓர்ஸ்டெட் காட்டிய பிறகு, ஊசியின் விலகலே ஓட்டத்தின் அளவாயிற்று. சிக்கல் மின்கலத்தில் இருந்தது. வோல்டா அடுக்கு சுற்றை மூடியதும் வேகமாகப் பாய்ச்சிவிட்டுப் பிறகு தளர்ந்துபோகும். அதை நம்பி அளந்த அந்தக் கொலோன் ஆசிரியர் ஜார்ஜ் சைமன் ஓம், 1825இல் கம்பியின் நீளத்துக்கும் ஓட்டத்தின் இழப்புக்கும் மடக்கைத் தொடர்பு இருப்பதாக எழுதினார். அது நிலைக்கவில்லை. அவர் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியர் போகன்டார்ஃப், மின்கலத்துக்குப் பதிலாக, சீபெக் அண்மையில் கண்டறிந்திருந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். ஓம் விதியின் வரலாற்றில் இந்த யோசனைக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை என்றே கருதுகிறேன்.

1826 ஜனவரியில் ஓம் அமைத்த கருவியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பிஸ்மத் பட்டையின் இரு முனைகளிலும் செம்பு இணைக்கப்பட்டிருந்தது. ஒரு சந்தி கொதிநீரில், மற்றது பனிக்கட்டியில். நீர் கொதிக்கும் வெப்பநிலையும் பனி உருகும் வெப்பநிலையும் மாறுவதில்லை. ஆகவே சந்திகளின் வெப்பநிலை வேறுபாட்டால் பிறந்து சுற்றை இயக்கும் விசையும் மாறவில்லை. பொன் இழையில் தொங்கிய காந்த ஊசி ஓட்டத்தால் விலகும்போது, இழையை முறுக்கி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த முறுக்கின் அளவே ஓட்டத்தின் அளவு. 2 அங்குலம் முதல் 130 அங்குலம் வரை எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுற்றில் பொருத்தினார். ஒரு தொடரில் 2 அங்குலத்துக்கு 326¾, 18 அங்குலத்துக்கு 190¾, 130 அங்குலத்துக்கு 48½ என்று அளவுகள் கிடைத்தன.

இவற்றுக்கு அவர் பொருத்திய சூத்திரத்தில், 7285 என்ற எண்ணைக் கம்பியின் நீளத்தோடு 20¼ கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். 130 அங்குலத்துக்கு வகுத்துப் பார்த்தால் 48.49 வருகிறது, கருவி காட்டியதோ 48.5. மேலே உள்ள எண் இன்றைய மின்னியக்கு விசை. 20¼ என்பது சுற்றின் எஞ்சிய பகுதியின் தடை. தடைக்கு அலகே இல்லாத காலம் என்பதால், அதைச் செம்புக் கம்பியின் அங்குலமாகவே அவர் எழுத வேண்டியிருந்தது. வெப்பநிலை மாறாத உலோகத்துக்கு இன்று நாம் சொல்லும் விதி முழுவதும் இந்த ஒரு பின்னத்தில் அடங்கியிருக்கிறது.

1827இல் பெர்லினில் வந்த அவருடைய நூலுக்கு ஜெர்மனியில் வரவேற்பு இல்லை. லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் வழங்கிய பிறகே நிலைமை மாறியது. (ஹென்றி கேவண்டிஷ் 1781லேயே, தன் உடலில் பட்ட அதிர்ச்சியைக் கொண்டு கடத்திகளை ஒப்பிட்டு, இவ்விதியை நெருங்கியிருந்தார். அந்தக் குறிப்புகளை மேக்ஸ்வெல் பதிப்பித்தது 1879இல்தான்.)

திறனின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. சால்ஃபோர்டு இளைஞர் ஜேம்ஸ் ஜூல் கம்பியைக் கண்ணாடிக் குழாயில் சுற்றி, நீருள்ள பாத்திரத்தில் இறக்கி, ஓட்டம் பாய்ந்தபோது நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று குறித்தார். தோன்றும் வெப்பம் தடைக்கும் ஓட்டத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருந்தது. 1840 டிசம்பரில் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய இந்த முடிவின் சுருக்கம் மட்டுமே அங்கு அச்சேறியது. முழுக் கட்டுரை மறு ஆண்டு வேறோர் இதழில் வந்தது. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லென்ஸ் தனியாக இதே முடிவுக்கு வந்தார். கவனிக்க வேண்டியது, ஜூலின் விதியில் மின்னழுத்தமே இல்லை. அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கும் சூத்திரம் அன்று யார் கையிலும் இருக்கவில்லை.

அதற்குத் தடையாக நின்றது ஓமின் விளக்கமே. வெப்பம் பாய்வது பற்றிய ஃபூரியேயின் கணிதத்தைப் பின்பற்றிய அவர், சுற்றை இயக்கும் விசையை மின்சாரத்தின் அடர்த்தியைப் போல எண்ணினார். அடர்த்தி என்று கொண்டால், ஆற்றலோடு அதை இணைக்க வழியில்லை. 1849இல் கிர்க்காஃப், ஓம் கூறிய விசை நிலைமின்னியலில் வரும் மின்னழுத்தமே என்று நிறுவினார். மின்னழுத்த வேறுபாடு என்பது ஓரலகு மின்னூட்டம் நகர்கையில் செய்யப்படும் வேலை. வினாடிக்கு எவ்வளவு மின்னூட்டம் நகர்கிறது என்பதே ஓட்டம். இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு நடக்கும் வேலை, அதாவது திறன், கிடைத்துவிடுகிறது. 1852இல் கிளாசியஸ் இந்த வேலைக் கணக்கிலிருந்தே ஜூலின் வெப்ப விதியை வருவித்தார். இரு வரலாறுகளும் சந்தித்த இடம் இதுவே.

இனி வேண்டியது அலகுகள். கடலடித் தந்திக் கம்பிகளில் பழுது எங்கே என்று கண்டறியப் பொதுவான தடை அலகு தேவைப்பட்டது. பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் 1861இல் அதற்கென ஒரு குழுவை அமைத்தது. 1881 பாரிஸ் மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் ஆகியவற்றை ஏற்றது. 1882இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்த வாட், 1889 பாரிஸ் மாநாட்டில் நிலைபெற்றது. இவை ஒன்றோடொன்று பொருந்துமாறு வகுக்கப்பட்டதால் இடையில் எந்த மாற்றுக் காரணியும் தேவையில்லை. 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் நீர்ச் சூடேற்றியின் தடை, வகுத்தால், 46 ஓம். பெருக்கினால் அதன் திறன் 1150 வாட். ஜூலின் வழியில் 5-இன் வர்க்கத்தை 46-ஆல் பெருக்கினாலும் அதே 1150 வருகிறது.