கண்டி இராச்சியத்திற் கத்தோலிக்கர்: இன்னலிடை நின்ற நம்பிக்கை

1658 இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர்தம் ஆட்சிப் பகுதிகளிற் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். கிறித்தவரே கிறித்தவரை ஒடுக்கிய அக்காலத்தில், கத்தோலிக்கருக்குப் புகலிடமாய் அமைந்தது பௌத்த மன்னர் ஆண்ட கண்டி இராச்சியமே என்பது ஈண்டுக் கருதற்பாலது.

எனினும், அவர்களை நாடிச் சென்ற குருவானவருக்கு அங்கு முதலிற் கிடைத்தது சிறையே. கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் 1687 இல் ஏழையின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து, மறைவிற் பணிபுரிந்து, 1692 இற் கண்டியை அடைந்தார். போர்த்துக்கேய ஒற்றரென ஐயுற்று அவரைச் சிறையிலிட்டனர். அங்கிருந்தவாறே அவர் சிங்களம் பயின்றார். காவல் தளரவே, கத்தோலிக்கர் அவரை நாடிவரலாயினர். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் நன்மதிப்பும் கிட்டியது.

1697 இற் பெரியம்மை நகரைத் தாக்கியது. நோயுற்றோரைப் பலர் கைவிட்டு அகன்றனர். அடிகளாரோ சமய வேறுபாடு கருதாது பிணியாளரைப் பேணினார். இறந்தோரை அடக்கஞ் செய்தார். துன்பத்தினின்று தப்பும் வழியாகவன்றி, பிறர் துன்பத்தைத் தாங்கும் ஆற்றலாகவே நம்பிக்கை இங்குத் தொழிற்பட்டது. சொல்லினும் இத்தொண்டே கண்டி மக்களிடையே அவர்தம் சமயத்துக்கு மதிப்பைத் தேடித்தந்தது.

1711 சனவரி 16 இல் அடிகளார் கண்டியிலேயே மறைந்தார். 2015 இற் கொழும்பிற் புனிதராக அறிவிக்கப்பட்டார். பின்னர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் (1739-1747) காலத்தில் அரச ஆதரவு நீங்கியது. ஆயினும் மாத்தளைப் பகுதியின் வாஹாகோட்டையிற் கத்தோலிக்க சமூகம் அழிந்திலது. மன்னர் அருளினும் ஆழமான வேர் அந்நம்பிக்கைக்கு இருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும்.