பிளைவுட் அரண்மனை



மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி நம் சங்கச் செயலாளர் மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். கவிதை எனக்கு வராது. தெரிந்ததெல்லாம் கட்டடம்தான், அதிலும் கடந்த சில வருஷமாகக் கண்ணாடி முகப்பு வேலை. எனவே ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்கிறேன்.

சென்னையில் ஒரு ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம். முகப்பு முழுக்கக் கண்ணாடி. ஒருநாள் நாலாவது மாடியில் பார்த்தால், ஃப்ரேமுக்குள் கண்ணாடி உட்கார வேண்டிய ரப்பர் கட்டைகளைக் காணோம். பதிலுக்கு அலுமினியத் துண்டுகளைச் செருகி இறுக்கியிருந்தார்கள்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"ரப்பர் தீர்ந்து போச்சு சார். இது அதைவிட டைட்டா நிக்கும். டைட்டா இருந்தாத்தானே கீழே விழாது?" என்றார் ஃபோர்மேன்.

நியாயமான கேள்விதான். அதற்கான பதில் அமெரிக்காவில், பாஸ்டன் நகரில் இருக்கிறது.

ஜான் ஹான்காக் இன்சூரன்ஸ் கம்பெனி அங்கே 1968ல் ஒரு கோபுரம் கட்டத் தொடங்கியது. 60 மாடி, 241 மீட்டர் உயரம். ஐ.எம்.பெய் நிறுவனத்தின் ஹென்றி காப் வடிவமைத்தது. சுவர் என்று வெளியே எதுவும் தெரியாது; நாலு பக்கமும் 10,344 கண்ணாடிப் பலகைகள். ஒவ்வொன்றும் சுமார் 225 கிலோ.

வேலை முடியும் முன்பே, 1973 ஜனவரி 20 இரவு பெருங்காற்று அடித்தது. கண்ணாடிகள் பெயர்ந்து விழுந்தன. விழும்போது கீழே இருந்தவற்றையும் உடைத்தன. அதன் பிறகும் உடைவது நிற்கவில்லை. காலியான இடங்களில் பிளைவுட் அடித்து மூடினார்கள். ஊர்க்காரர்கள் 'பிளைவுட் அரண்மனை' என்று கேலி பேசினார்கள். காற்று மணிக்கு 45 மைல் வேகத்தைத் தொட்டால் சுற்றியுள்ள தெருக்களை மூட வேண்டியதாயிற்று. நல்ல வேளை, உயிர்ச்சேதம் இல்லை.

காரணம் என்ன? கட்டடம் காற்றில் ஆடுவதால்தான் என்று பலரும் நினைத்தார்கள். ஆட்டம் இருந்தது உண்மை. அதைக் குறைக்க 58வது மாடியில் தலா 300 டன் எடையில் இரண்டு பெரிய பாரங்களை வைத்தார்கள். ஆனால் கண்ணாடி உடைந்தது அதனால் அல்ல!

ஒவ்வொரு பலகையும் இரட்டைக் கண்ணாடி. நடுவே காற்று இடைவெளி; ஓரம் முழுக்க ஈயச் சட்டம். அந்த ஈயத்தைக் கண்ணாடியோடு பற்றவைத்திருந்தார்கள். வெயிலில் கண்ணாடி விரியும், குளிரில் சுருங்கும், காற்றில் வளையும். இணைப்பு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் பற்று ரொம்ப பலம். அது விடவில்லை; ஆகவே கண்ணாடியின் விளிம்பையே சில்லு சில்லாகப் பெயர்த்தது. அங்கே விழுந்த கீறல் வளர்ந்து வெளிக்கண்ணாடி உடைந்தது. கேட்டது இணைப்பின் பலவீனத்தால் அல்ல, பிடிவாதத்தால்!

கடைசியில் 10,344 பலகைகளையும் கழற்றி, ஒற்றை அடுக்கு டஃபன்ட் கண்ணாடி போட்டார்கள். 1976ல் கட்டடம் திறக்கப்பட்டது. இன்றும் நிற்கிறது. ஆனால் வழக்குகள் சமரசமானபோது, நடந்ததை வெளியே பேசக் கூடாது என்று சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதனால் உலகத்துப் பொறியாளர்கள் எல்லாம் படிக்க வேண்டிய பாடம் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. விழுந்த கண்ணாடியைவிட எனக்கு உறுத்துவது இந்த மௌனம்தான்.

ஏன் தெரியுமா? ஃபோர்மேனிடம் இதையெல்லாம் வீராப்பாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டாவது, மூன்றாவது மாடிகளுக்கு 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டது நான். ஒரு ஃப்ரேமைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சீலண்ட் அடித்து மூடியாகிவிட்டது. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் புராஜெக்ட் மேனேஜர் முன்னால் போய் நின்று, "சார், என் கையெழுத்து தப்பு" என்றேன். வாங்கிய திட்டை இங்கே அச்சிட முடியாது! மூன்று மாடியையும் கழற்றினோம். முதல் ஃப்ரேமிலேயே அலுமினியத் துண்டு. பதினோரு நாள் வேலை போயிற்று. ஃபோர்மேன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ வாங்கிக் கொடுத்து, "அந்தக் கதையை நம்ம பசங்களுக்கும் ஒரு தடவை சொல்லுங்க சார்" என்றார்.

இந்த ஆண்டு வெளியே போகும் தம்பி தங்கைகளே, கையெழுத்துப் போடுமுன் ஒன்றையாவது திறந்து பாருங்கள். தெரியாமல் போட்டுவிட்டீர்களா? தெரிந்த அன்றே சொல்லிவிடுங்கள்.

மற்றவை நேரில், நம் பழைய கேன்டீனில்!

உங்களில் ஒருவன்,
சிவில் பிரிவு